வந்த நோய் வேற

ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்னா என்னம்மா கணக்கு? ஒண்ணுன்னா தயாராவே இல்ல, அஞ்சுன்னா முழுசாத் தயாரு. அப்பிடித்தான? அப்போ எனக்கு அஞ்சு போட்டுக்கிடுங்க. யோசிக்கவே வேண்டாம். இந்த ஆஸ்பத்திரியில தொத்துநோய்க்குத் தயாரா இருந்த ஒரே ஆளு நாந்தான். ஜெபசீலிகிட்ட இந்த ஆராய்ச்சிப் பேப்பரைக் குடுத்தீங்கன்னா ஒண்ணுல டிக்கு போட்டுட்டுப் போயிருவா. அவ உள்ளதத்தான் போடுவா, அவளைக் குறை சொல்லல.

அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இப்பிடி பெஞ்சுல உக்காருங்க. மதியச் சாப்பாட்டு நேரம், இன்னும் முக்கா மணி நேரத்துக்கு யாரும் கூப்பிட மாட்டாவ. பேரு எழுதணுமா? இசக்கியம்மாள். தலைமைச் செவிலியர். முப்பத்தோரு வருச சர்வீசு, அதுல இருபத்தேழு வருசம் இந்தப் பூவரசங்குளத்துலயேதான். பேரு வேண்டாமா? ஆராய்ச்சியில பேரே போட மாட்டியளா? அப்போ யாரு தயாரா இருந்தான்னு ஊருக்கு எப்பிடித் தெரியும்?

சரி, விடுங்க. உங்க பேப்பர்ல எல்லாத்துக்கும் டிக்கு போடச் சொல்லுதிய. நடந்தது அந்தக் கட்டத்துக்குள்ள அடங்காது. நான் சொல்லுதேன், நீங்க எந்தக் கட்டம் வேணுமோ அதுல போட்டுக்கிடுங்க.

போன தை மாசம் மதுரையில அஞ்சு நாள் பயிற்சி. புதுசா ஒரு வைரஸ் காய்ச்சல் வரும்போல இருக்கு, வந்தா எப்பிடிச் சமாளிக்கணும்னு. மாவட்டத்துல இருந்து பன்னெண்டு பேரு போனோம். அதுல பாதிப்பேரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு தூங்கிட்டாவ. நான் தூங்கல. மூணு நோட்டு எழுதினேன். அந்த வெள்ளை உடுப்பு இருக்கு பாருங்க, தலை முதக்கொண்டு கால் வரைக்கும் மூடுதது, அதை மாட்டுததுக்குப் பதினெட்டுப் படி. கழட்டுததுக்கு இருபத்தொண்ணு. நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கடைசி நாள் பரீட்சையில நாந்தான் முதல்.

திரும்பி வந்ததும் பின்பக்கம் சும்மா கிடந்த எட்டுப் படுக்கை ரூமைத் தனி வார்டாக்கினேன். தரையில சிவப்புக் கோடு, சுவத்துல அம்புக்குறி. கோட்டைத் தாண்டணும்னா வெள்ளை உடுப்பு கட்டாயம்னு போர்டு எழுதி மாட்டினேன். ஜெபசீலி ஒருநாள் அந்தக் கோட்டை மிதிச்சுக்கிட்டு நின்னு கேக்கா, "சிஸ்டர், வார்டைக் கூட்டுத அக்காவும் மாட்டணுமா?" அப்பிடி ஒரு கேள்வி. ஜெபசீலி யாருன்னு சொல்லலையே. ஒப்பந்த நர்சு. உவரிப் பக்கம், கடற்கரைக்காரப் பிள்ளை. இங்க வந்து ரெண்டு வருசம். வேலை நல்லாச் செய்வா, ஆனா நோட்டு எழுத மாட்டா.

மாசி மாசம் ஒத்திகை நடத்தினேன். பஸ்ஸுல வந்த பயணிக்குக் காய்ச்சல், பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டாரு, நாம போய்க் கொண்டு வாறோம். இதான் ஏற்பாடு. நோயாளியா நடிக்க ஆள் வேணும். ஆஸ்பத்திரி வாசல்ல டீக்கடை வச்சிருக்க சுடலைமுத்து அண்ணாச்சி நான் நடிக்கேன்னாரு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் போட்டா அவருதான் ராஜா. அது எனக்கு அப்போ தோணல.

ரெண்டே ரெண்டு இருமல் இருமுங்க, அப்பிடியே உக்காந்துருங்க. இவ்வளவுதான் சொன்னேன். அவரு திருச்செந்தூர் பஸ்ஸுல இருந்து இறங்கினாரு, நெஞ்சைப் பிடிச்சாரு, நட்ட நடுவுல விழுந்து உருண்டாரு. "எம் பிள்ளைகளைப் பாத்துக்கிடுங்க, கடைய எம் பொஞ்சாதி பேருக்கு எழுதிருங்க"ன்னு ஒரே அலறல். சனம் கூடிட்டு. அந்நேரம் நாங்க நாலு பேரு வெள்ளை உடுப்புல இறங்குதோம். கண்ணு தெரியாது, மூஞ்சி தெரியாது, நாங்க பேசுதது எங்களுக்கே கேக்காது. அவரைத் தூக்கி வண்டியில போட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துட்டோம். ஒன்பது நிமிசம். மதுரைப் பயிற்சியிலயே பதினொரு நிமிசம் ஆச்சு.

அதோட விடல. நோய்த்தொற்று உள்ள ஆளை நாப்பத்தெட்டு மணி நேரம் தனியா வச்சிருக்கணும்னு விதி. ஒத்திகைன்னா முழுசாப் பண்ணணும். ரெண்டு நாள் அவரைத் தனி வார்டுலயே வச்சேன். வேளாவேளைக்குச் சோறு, பாட்டு கேக்க ரேடியோ. அவருக்கும் ஓய்வு. கடை ரெண்டு நாளாப் பூட்டிக் கிடந்திச்சு. மூணாம் நாள் காலையில அவரு கடையத் திறந்து பாய்லருக்குத் தண்ணி ஊத்துதாரு, எதுத்தாப்புல அவரோட சம்பந்தி மாலையோட வந்து நிக்காரு. இவரு செத்துட்டாருன்னு நினைச்சுத் துட்டி கேக்க வந்தவரு. அப்பிடியே மாலையக் கீழ போட்டுட்டு ஓடிட்டாரு.

இது ஒத்திகைன்னு நான் ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டுல ஒரு வாரம் முந்தியே ஒட்டியிருந்தேன், சீலு வச்சு. பஸ் ஸ்டாண்டுல நிக்கவன் வந்து ஆஸ்பத்திரி போர்டைப் பாக்கலைன்னா அது யாரு குத்தம்? நீங்களே சொல்லுங்க. அறிக்கையில "ஒத்திகை முழு வெற்றி"ன்னு எழுதினேன். மேல இருந்து பாராட்டி லெட்டர் வந்திச்சு. அதை எங்க சூப்பிரண்டு டாக்டர் அவரு ரூம்ல மாட்டிக்கிட்டாரு.

இப்போ சொல்லுங்க, நான் தயாரா இல்லையா?

நோயும் வந்திச்சு. வைகாசியில. ஆனா வந்த நோய் வேற.

ஊருணித் தெருவுல குடிதண்ணிக் குழாய் உடைஞ்சு சாக்கடை கலந்திருக்கு. அது பொறவுதான் தெரிஞ்சிது. முதநாள் காலையில ஏழு பேரு வந்தாவ. எல்லாருக்கும் வயித்தால போகுது, நிக்கல. வாந்தி. கண்ணு குழிவிழுந்து, கை கால் சில்லுன்னு. ஒரு வயசான பாட்டையாவுக்கு விரலெல்லாம் தண்ணிக்குள்ள ஊறின மாதிரிச் சுருங்கிக் கிடக்கு. நான் பாத்தேன். மொத்தமா வாராவ, ஒரே அறிகுறி, என்னன்னு தெரியல. ஏழு பேரையும் தனி வார்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டு, நேரே போய் உடுப்பு மாட்ட ஆரம்பிச்சேன்.

பதினெட்டுப் படி. ஒரு படி விடல. நான் மாட்டி முடிச்சு வெளிய வாறதுக்குள்ள, இருபத்தஞ்சு நிமிசம், ஜெபசீலி ஏழு பேருல அஞ்சு பேருக்கு டிரிப் ஏத்தியிருந்தா. சாதா ஏப்ரன், ஒரு சோடி கையுறை, ஒரு வாளி சோப்புத் தண்ணி. அவ்வளவுதான்.

டாக்டர் முகைதீன் அன்னைக்கு டூட்டி. சின்ன வயசு, பொறுமையான மனுசன். என்னைப் பாத்ததும் ஒரு நொடி பின்னால போனாரு. பொறவு சொன்னாரு, "சிஸ்டர், இது காத்துல பரவுற நோயில்ல. வாந்திபேதி. ஏப்ரன், கையுறை, சோப்பு போதும்."

"எதுன்னு உறுதியாகுத வரைக்கும் உச்சப் பாதுகாப்புன்னு பயிற்சிக் கையேட்டுல ஏழாம் பக்கத்துல இருக்கு டாக்டர்."

"என்ன சொல்றீங்க? கேக்கல."

மாஸ்க்குக்குள்ள இருந்து மறுபடி சொன்னேன். அவருக்கு மறுபடி கேக்கல. "சரி, அந்தப் பாட்டையாவுக்கு லைன் கெடைக்கலயாம், போய்ப் பாருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

இந்த ஆஸ்பத்திரியில நரம்பு கெடைக்கலைன்னா என்னையத்தான் கூப்பிடுவாவ. இன்னைக்கும் கேட்டுப் பாருங்க. ஆனா அன்னைக்குக் கையில ரெண்டு சோடி கையுறை. கண்ணாடிக்குள்ள ஆவி. பாட்டையாவோட கை எங்க இருக்குன்னே தெரியல, நரம்பு எங்க தெரியும்? மூணு குத்து குத்தினேன். மூணாவது குத்துக்கு அவரு, பேச முடியாம கிடந்த மனுசன், "ஆருளா இது"ன்னு கேட்டாரு.

அப்போ ஜெபசீலி வந்தா. "சிஸ்டர், கொஞ்சம் தள்ளுங்க."

என்கிட்ட. முப்பத்தோரு வருச சர்வீசுகிட்ட. அதுவும் சிவப்புக் கோட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டு, சாதா ஏப்ரன்ல. ஒரு தட்டு தட்டினா, ஒரே குத்து. ரத்தம் வந்திச்சு. பாட்டில ஓட விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டா. எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறிட்டு. அதுக்குப் பொறவு என்னாச்சுன்னா, வைகாசி வெயில், ரூம்ல ஒரே ஒரு காத்தாடி, நான் அந்த உடுப்புக்குள்ள ஒரு மணி நேரமா இருக்கேன்.

மயங்கி விழுந்தேன்னு எல்லாரும் சொல்லுவாவ. நம்பாதீங்க. நான் விழல. உக்காந்தேன். உக்காந்த எடத்துல கட்டில் இருந்திச்சு, அதனால படுத்த மாதிரி ஆயிட்டு.

கண்ணைத் திறக்கேன், உடுப்பைக் கத்திரியால நேரே வெட்டி எடுத்திருக்காவ. இருபத்தொரு படியும் போச்சு. எட்டாம் நம்பர் கட்டில். இடது கையில டிரிப் ஏறுது. யாரு குத்தினதுன்னு கேட்டேன். அவதான். ஒரே குத்தாம்.

படுத்துக்கிட்டே பேப்பர் கேட்டேன். வலது கை சும்மாதான இருக்கு. மெமோ எழுதினேன். "ஒப்பந்தச் செவிலியர் ஜெபசீலி, உரிய பாதுகாப்பு உடை அணியாமல் தனிமை வார்டுக்குள் நுழைந்து விதிகளை மீறியுள்ளார். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." ஒத்தைக் கையால எழுதும்போது பேப்பர் நழுவுது. அதை நழுவாம அட்டையோட பிடிச்சுக்கிட்டு நின்னது ஜெபசீலிதான். என்ன எழுதுதேன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்குமோ என்னவோ. 'மீறியுள்ளார்'க்கு சின்ன ரி போடணுமா பெரிய றி போடணுமான்னு கேட்டேன், பெரிய றின்னு சொன்னா.

அதைச் சூப்பிரண்டு டாக்டருக்கு அனுப்பினேன். அவரு என்னை ரெண்டு நாள் வீட்டுல ஓய்வெடுக்கச் சொல்லிட்டாரு.

வீட்டுல இருந்து போன் போட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டாம் நாள் பன்னெண்டு பேரு வந்தாவளாம். மூணாம் நாள் காலையில நாலே பேரு. சரி, நோய் அடங்கிட்டுன்னு நினைச்சு ரசம் வச்சுக்கிட்டு இருந்தேன். பதினோரு மணிக்கு வாசல்ல ஸ்கூட்டர் சத்தம். ஜெபசீலி. உள்ள வரல, வெளியவே நின்னு சொன்னா.

"சிஸ்டர், நோய் குறையல. ஆளுதான் வரல. ஊருணித் தெருவுல வீட்டுக்கு வீடு படுத்துக் கிடக்காங்க. நான் போய்த் தட்டினேன், ஒருத்தரும் கதவைத் திறக்கல. ஆஸ்பத்திரின்னாலே பயப்படுறாங்க."

"எதுக்குப் பயம்? அரசாங்க ஆஸ்பத்திரியில என்ன பயம்?"

அதுக்கு அவ வேற ஒண்ணு சொன்னா, "தங்கையா சார் இன்னைக்கு விடியக்காலம் வீட்டுலயே இறந்துட்டாங்க."

தங்கையா சார் எனக்கு நாலாம் வகுப்பு எடுத்தவரு. வாய்ப்பாடு தப்பாச் சொன்னா அடிக்க மாட்டாரு, கூடவே சேந்து சொல்லுவாரு. ஆஸ்பத்திரிக்கும் அவரு வீட்டுக்கும் எட்டு நிமிச நடை. ரெண்டு பாட்டில் ஏத்தியிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரு.

அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. உங்க பேப்பர்ல அதுக்குக் கட்டம் இருக்கா? இல்லதான.

அடுப்பை அமத்திட்டு அப்பிடியே கிளம்பினேன். யூனிபாரம் போடல. கட்டியிருந்த நூல்சேலை. தலை சீவல. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பாட்டில், ஊசி எல்லாம் அவ பையில இருந்திச்சு. ஸ்கூட்டர்ல அவ பின்னால உக்காந்து போனேன். அவ வேகமாப் போவா, அது தனிக் கதை.

ஊருணித் தெருவுல மூணாவது வீடு. முப்பிடாதின்னு ஒரு மருமகப் பிள்ளை, எட்டு மாசக் கர்ப்பம். காலையில இருந்து வயித்தால போய்க்கிட்டு இருக்காம். மாமியாக்காரி வாசப்படியில குறுக்க உக்காந்திருக்கா.

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. போங்க."

"ஒண்ணுமில்லைன்னா நாங்க பாத்துட்டுப் போறோம் மைனி."

"பாக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியும். மாசி மாசம் பஸ் ஸ்டாண்டுல நானே கண்ணால பாத்தேன். வெள்ளைச் சாக்கு உடுத்திக்கிட்டு ஒரு பூதம். மூஞ்சி கிடையாது. டீக்கடை சுடலைமுத்துவைக் கதறக் கதறத் தூக்கிட்டுப் போச்சு. வயித்துப்பிள்ளைக்காரிய அந்தப் பூதத்துகிட்டக் குடுப்பேனா?"

ஜெபசீலி தரையப் பாத்துக்கிட்டு நிக்கா. அந்தப் பூதம் நாந்தான்னு சொல்லுததுக்கு அது நேரமில்ல.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பாத்தா. சேலையப் பாத்தா. கலைஞ்ச தலையப் பாத்தா. "நீ இசக்கி நர்சு இல்ல? எம் மவன் பொறக்கையில எனக்குப் பேறுகாலம் பாத்தது நீதான?"

"நாந்தான் மைனி. கொடி சுத்திப் பொறந்தான். நீங்க என் கையைக் கடிச்சு வச்சிய."

வழி விட்டுட்டா.

உள்ள போனா, அந்தப் பிள்ளை தரையில சுருண்டு கிடக்கு. உதடு காஞ்சு வெடிச்சிருக்கு. தோலைக் கிள்ளி விட்டா அப்பிடியே நிக்கு. ஜெபசீலி ரெண்டு கையிலயும் தேடுதா, நரம்பு ஒட்டிப்போய்க் கிடக்கு. நான் கரைசலைக் கலக்கித் தலைய மடியில தூக்கி வச்சு, நிமிசத்துக்கு ஒரு கரண்டி, ஒரு கரண்டியா ஊட்டுதேன். பத்துக் கரண்டி உள்ள போச்சு, அம்புட்டும் என் சேலையில வாந்தி. பத்து நிமிசம் இருந்து மறுபடி ஆரம்பிச்சேன். ஏப்ரன் கிடையாது. அவசரத்துல கையுறை போட மறந்துட்டேன். முந்தானையால அவ வாயத் தொடச்சேன். இதையெல்லாம் எழுதிராதீங்கம்மா. தயவுசெஞ்சு எழுதிராதீங்க. பயிற்சி குடுக்குத நானே அப்பிடிச் செஞ்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு என் பேச்சைக் கேப்பா?

கால்லதான் கடைசியில நரம்பு கெடைச்சிது. கணுக்கால்ல, நூல் மாதிரி. நான் காட்டினேன், அவ குத்தினா. இல்ல, அவ காட்டினாளா? யாரோ காட்டினோம், யாரோ குத்தினோம். பாட்டில மாட்ட எடம் தேடினா, வரப்போற பிள்ளைக்குத் தொட்டில் கட்ட உத்திரத்துல கொக்கி அடிச்சு வச்சிருக்காவ. அதுல மாட்டினோம்.

ஒரு பாட்டில் முடிஞ்சிது. அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கொஞ்சம் தெளிஞ்சிது. மொதல்ல கேட்டது, "சிஸ்டர், உள்ள அசையல. காலையில இருந்து அசையல."

நான் வயித்துல கையை வச்சேன். ஒண்ணுமில்ல. சும்மா கல்லு மாதிரி. "அது தூங்குது மக்கா. மத்தியானம் தூங்காத பிள்ளை உண்டா?"ன்னேன். பொய்தான். எனக்கு ஒண்ணுமே தெரியாது. கையை எடுக்காம எதையோ பேசிக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டு ரசத்தைப் பத்திப் பேசினேன். வாய்ப்பாடு சொன்னேன்னு ஜெபசீலி சொல்லுதா, ஏழாம் வாய்ப்பாடு, எனக்கு ஞாபகமில்ல. ரெண்டாவது பாட்டில்ல பாதி இறங்கினப்போ உள்ளங்கைக்குள்ள ஒரு இடி இடிச்சுது பாருங்க. சரியான உதை. நான் பேச்சை நிறுத்திட்டேன். மாமியாக்காரியைக் கூப்பிட்டு அவ கையையும் எடுத்து அங்க வச்சேன்.

அதுக்குப் பொறவு லோடு ஆட்டோ பிடிச்சு, பாயில படுக்க வச்சு, நான் பாட்டில உயரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன். தெருவே வாசல்ல நின்னு பாத்திச்சு. சேலை முழுக்க வாந்தி, தலை விரிஞ்சு கிடக்கு, ஒரு தலைமை நர்சு ஊர்வலம் போற லட்சணமா அது? மாமியாக்காரி வேற, "நம்ம இசக்கிதான் கூட்டிட்டுப் போறா, நம்ம இசக்கிதான்"னு ஒவ்வொரு வாசல்லயும் கத்திக்கிட்டே வாறா. அன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள பதினோரு பேரு அவங்களா வந்து சேந்தாவ. மறுநாள் முப்பது. ஆட்டோ கெடைச்சிதுன்னுதான் வந்திருப்பாவன்னு நான் நினைக்கேன். ஜெபசீலி வேற என்னமோ சொல்லுவா.

பொறவு பத்து நாள் ஆடின ஆட்டம் இருக்கே. கட்டில் போதாம பெஞ்சுல, பெஞ்சும் போதாம வராந்தாவுல பாய். சிவப்புக் கோட்டு மேலயே பாய் விரிச்சோம். நானும் சாதா ஏப்ரன், ஒரு சோடி கையுறை, சோப்புத் தண்ணிதான். சுடலைமுத்து அண்ணாச்சி கடையில டீயை நிறுத்திட்டு அந்தப் பாய்லர்ல நாள் முழுக்கத் தண்ணி கொதிக்க வச்சுக் குடுத்தாரு. அதோட விட்டாரா? சாயந்திரமானா தப்பட்டை அடிக்குத ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுத் தெருத்தெருவாப் போயி, "நான் செத்துப் பொழைச்சவன் சொல்லுதேன், தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, வயித்தால போனா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க"ன்னு வசனம். நான் போட்ட நோட்டீஸைப் படிக்காத சனம் அதைக் கேட்டுச்சு.

மொத்தம் நூத்தி அறுபத்து மூணு பேரு. ஆஸ்பத்திரிக்கு வந்ததுல ஒரு உசிரு போகல. முப்பிடாதிக்கு ஆனியில பொம்பளப்பிள்ளை. எம் பேரை வைக்கப்போறோம்னு வந்து நின்னாவ. இந்தக் காலத்துல இசக்கின்னு வச்சா பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாவ, வேற வைங்கன்னு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அப்பிடியே ஒத்துக்கிட்டுத் தன்ஷிகான்னு வச்சுட்டாவ. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

எல்லாம் அடங்கி ஆடியில, ஜெபசீலிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்குத நேரம். சூப்பிரண்டு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. மேசையில அவ ஃபைலு. மேல என் மெமோ.

"சிஸ்டர், இது ஃபைல்ல இருந்தா புதுப்பிக்க மாட்டாங்க. வேற ஊருக்குக்கூடக் கெடைக்காது. இதைத் திரும்ப வாங்கிக்கிடுங்க. நானே கிழிச்சுப் போடுறேன்."

"திரும்ப வாங்க முடியாது டாக்டர். எழுதினது உண்மை. உடுப்பு இல்லாம அவ கோட்டுக்கு உள்ள வந்தாளே."

அவரு ஜெபசீலியப் பாத்தாரு. அவ கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

நான் என் பையில இருந்து இன்னொரு பேப்பரை எடுத்து மேசையில வச்சேன். அதையும் நாந்தான் எழுதியிருந்தேன், முப்பிடாதியக் கொண்டுவந்த மறுநாளே, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. "தலைமைச் செவிலியர் இசக்கியம்மாள் ஓய்வில் இருக்கும்போது அனுமதியின்றி நோயாளி வீட்டுக்குச் சென்றார். சீருடை இல்லை. கையுறை இல்லை. ஏப்ரன் இல்லை. முந்தானையால் நோயாளியின் வாயைத் துடைத்தார். நோயாளியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினார். குழந்தை தூங்குவதாக நோயாளியிடம் உறுதி செய்யப்படாத தகவலைச் சொன்னார்." எல்லாம் வரிசையா இருந்திச்சு.

"இதையும் சேத்து அனுப்புங்க டாக்டர். அவளுக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதின்னு கிடையாது."

அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாரு. "உறுதி செய்யப்படாத தகவல்"ங்குத எடத்துல கொஞ்ச நேரம் நின்னாரு. பொறவு சொன்னாரு, "ரெண்டையும் அனுப்பினா மேல இருந்து என்ன கேப்பாங்க தெரியுமா? பயிற்சியில முதலா வந்தவங்களே இப்படியான்னு என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். பதில் எழுதிருவோம்."

"வேண்டாம் சிஸ்டர். நீங்க எழுதினது போதும்."

ரெண்டு பேப்பரையும் மடிச்சு இழுப்பறையில போட்டுப் பூட்டினாரு. ஃபைல்ல கையெழுத்துப் போட்டு ஜெபசீலிகிட்டக் குடுத்துட்டாரு. எனக்கு அது சரியாப் படல. ஒரு மெமோன்னா அதுக்கு ஒரு முடிவு வேணும். இழுப்பறை ஒரு முடிவா?

வெளிய வராந்தாவுக்கு வந்தா, அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டு நிக்கா. வேலைதான் புதுப்பிச்சாச்சே, எதுக்கு அழுகைன்னு கேட்டேன்.

"உங்க மேலயே ஏன் சிஸ்டர் எழுதினீங்க?"

"எழுதாம? நடந்தது நடந்ததுதான? தேதி முதக்கொண்டு சரியா இருந்திச்சே, எதுவும் தப்பாப் போட்டிருந்தேனா?"

அவளுக்கு இன்னும் அழுகை கூடிட்டு. ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. டூட்டி நேரம், வராந்தாவுல இத்தனை பேரு பாக்காவ. ரொம்ப நேரம் விடவே இல்ல. கை கழுவினாளா இல்லையான்னுகூட நான் கேக்கல.